குமரி முனையைப் பாய்மரப் படகில் சுற்றலாமா? முதல் கடலோரப் பயணத்துக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

சின்னமுட்டத்திலிருந்து குளச்சலுக்கு பைக்கில் போனால் ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். கடல் வழியே, கன்னியாகுமரி முனையைச் சுற்றிக்கொண்டு, ஒரு சின்னப் பாய்மரப் படகில் போனால்? தூரம் சுமார் 22 கடல் மைல், அதாவது 40 கிலோமீட்டர். காற்று ஒத்துழைத்தால் ஐந்தரை மணி நேரம். ஒத்துழைக்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாய்மரப் படகு ஓட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். இப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்து, வார இறுதியில் வகுப்புக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்து வரும் ஆசை ஒன்றுதான்: ஒரு ஊரில் கிளம்பி இன்னொரு ஊரில் இறங்க வேண்டும்.

அந்த முதல் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? சின்னமுட்டம் – குளச்சல் வழியையே உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். குட்டி டிங்கியில் செய்யும் பயணம் அல்ல இது. 20 முதல் 25 அடி நீளமுள்ள, அவுட்போர்டு இன்ஜினும் பொருத்திய பாய்மரப் படகு, அனுபவமுள்ள ஒருவர் உட்பட மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம்.

திட்டம் என்றால் ரூட் மேப் மட்டும்தானா?

இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1999-ல் ஏற்றுக்கொண்ட பயணத் திட்ட வழிகாட்டுதலில் நான்கு படிகள் உண்டு: தகவல் திரட்டுவது, திட்டம் எழுதுவது, அதன்படி நடத்துவது, போகும்போது தொடர்ந்து கண்காணிப்பது. பெரிய கப்பலுக்கும் சின்னப் படகுக்கும் இதே வரிசைதான்.

சாலைப் பயணத்தில் பழகிய நமக்கு ஒரு விஷயம் உறைக்காது. நடுவழியில் ஏதாவது பிரச்சினை என்றால் காரை ஓரங்கட்டிவிடலாம். கடலில் ஓரங்கட்ட இடமில்லை. சொல்லப்போனால், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும்போது கரைதான் மிக ஆபத்தான இடம். இன்ஜின் நின்றுபோனால் படகு பாறையில் போய் மோதும். ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் பார்த்த முட்டம் பாறைகளை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். அதனால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியே போவது நல்லது. விவேகானந்தர் பாறைக்கும் கரைக்கும் நடுவே புகுந்து போகும் ஆசையும் வேண்டாம். பாறைகளுக்கு வெளியே, நன்றாக விலகித்தான் சுற்ற வேண்டும்.

எனவே திட்டத்தின் முதல் கேள்வி ‘எப்படிப் போவது’ என்பதல்ல. ‘எந்த நிலைமையில் கிளம்பவே மாட்டோம், எந்த இடத்தில் திரும்புவோம்’ என்பதுதான்.

எந்த மாதம் போகலாம்?

குமரி முனையின் இரு பக்கமும் வேறு வேறு கடல். இதற்கு நல்ல சாட்சி மீன்பிடித் தடைக்காலம். ஒரே மாவட்டம்தான், ஆனால் கிழக்குப் பக்கம் உள்ள சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குப் பக்கம் உள்ள முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. (சின்னமுட்டமும் முட்டமும் வேறு வேறு ஊர்கள். வரைபடம் பார்க்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையில் அலை பெரிதாக இருக்கும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியே காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் முதல் பயணம் என்ற பேச்சே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் அபாயமும். ஏப்ரல், மே மாதங்களில் தொலைதூரப் பேரலைகள். அது பற்றிக் கீழே பார்க்கலாம்.

முதல் பயணத்துக்கு ஏற்றது பிப்ரவரியும் மார்ச்சும். ஆண்டில் ஏறக்குறைய எட்டு வாரம். அதிலும் எல்லா நாளும் ஒத்துவராது.

எந்தத் திசை, எத்தனை மணிக்கு?

குளச்சலில் கிளம்பி முனையைச் சுற்றி சின்னமுட்டம் வந்தால் பின்னணியில் திருவள்ளுவர் சிலையோடு நல்ல போட்டோ கிடைக்கும். ஆனால் பிப்ரவரியில் அது கஷ்டமான திசை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று, முனையைத் தாண்டியதும் முகத்துக்கு நேராக அடிக்கும். பாய்மரப் படகால் காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். தூரமும் நேரமும் கூடும். அந்தப் பருவத்தில் முனையை ஒட்டிய நீரோட்டமும் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்காகவே ஓடும். மீனவர்கள் இதை ‘நீவாடு’ என்பார்கள்.

அதனால் திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். சின்னமுட்டத்தில் கிளம்பி குளச்சலில் முடித்தால் காற்றும் நீவாடும் பின்னாலிருந்து தள்ளும். ஒரு மணி நேரம் வரைபடத்தோடு உட்கார்ந்தால் கிடைக்கும் லாபம் இது.

அடுத்தது நேரம். பாய் கட்டிய கட்டுமரங்கள் ஓடிய காலத்தில், விடியலுக்கு முன்பே கரைக்காற்றில் கிளம்புவார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்புவார்கள். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். பகலில் நிலம் சூடானதும் அது தலைகீழாகும். இன்றைய படகுக்கும் இதே கணக்குதான். காலையில் கரைப்பக்கக் காற்று என்பதால் கரையோரக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுத்தால் படகைக் கரைப் பக்கம் தள்ளும். அதற்குள் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும்.

பிப்ரவரி நடுவில் கன்னியாகுமரியில் சூரியன் காலை 6.40 வாக்கில் உதிக்கும். 6.45-க்குக் கிளம்பி, 4 நாட் வேகம் கிடைத்தால் (1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

• 7.15 – குமரி முனை
• 8.25 – மணக்குடி
• 10.50 – முட்டம்
• 12.05 – குளச்சல்

வேகம் 3 நாட்தான் கிடைக்கிறது என்றால் குளச்சல் சேர மதியம் 2 மணி ஆகும். அப்போதும் நல்ல வெளிச்சம் இருக்கும். முதல் பயணத்தை இருட்டில் முடிக்கிற மாதிரி வைக்கக் கூடாது. மிதக்கும் வலைகளும், விளக்கில்லாத சிறு வள்ளங்களும், நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளும் இரவில் தெரியாது.

அலை உயரம் பார்த்தால் போதாதா?

போதாது. வெளிநாட்டுப் படகுப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் கடல் ஏற்ற இறக்கத்தில் தொடங்கும். ஆங்கிலக் கால்வாயில் அது பல மீட்டர். குமரிக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே பார்க்க வேண்டியது வேறு: தொலைதூரத்திலிருந்து வரும் நீள அலை.

தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் அடிக்கும். அதில் கிளம்பிய அலைகள் சில நாட்கள் கழித்து இங்கே வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது. கடல் மட்டும் திடீரெனக் கரையேறும். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் இதற்கு ‘கள்ளக்கடல்’ என்று பெயர். கேரள மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோ அறிவியல் கலைச்சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது இப்படியொரு எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான்.

நடுக்கடலில் இந்த அலை படகை மெதுவாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். பயமே தெரியாது. ஆழம் குறையும் இடத்தில்தான் அதன் குணம் மாறும். வேகம் குறைந்து, உயரம் கூடி, செங்குத்தாகி உடையும். தோராயமான கணக்கு: தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும். ஒன்றரை மீட்டர் அலை இரண்டு மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். துறைமுக வாயிலில் மணல் சேர்ந்திருந்தால், சரியாக அந்த இடத்தில்தான் உங்கள் படகு இருக்கும்.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் நடந்திருப்பது இதுதான். கடலில் பிறந்து வளர்ந்தவர்களே அங்கே படகு கவிழ்ந்து உயிரிழந்திருக்கிறார்கள். முகத்துவாரத்தைச் சரிசெய்யக் கோரி மீனவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஆழ்கடலைவிட வாசல்படி ஆபத்தாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எனவே ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல் முன்னறிவிப்பைப் பார்க்கும்போது அலை உயரத்தோடு ‘பீரியட்’ என்ற எண்ணையும் பாருங்கள். இரண்டு அலைகளுக்கு இடையே உள்ள வினாடிகள் அது. 6, 7 வினாடி என்றால் பக்கத்தில் அடிக்கும் காற்றால் எழுந்த அலை. 15 வினாடிக்கு மேல் என்றால் தொலைவிலிருந்து வரும் நீள அலை. ஒரே உயரம் என்றாலும் கரைக்கு அருகே பின்னதுதான் அதிகம் எழும்பும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் பயணம் ரத்து. அன்றைக்கு வாயில் எப்படி இருக்கிறது என்பதைக் காலையில் அதே துறைமுகத்திலிருந்து வெளியே போய் வந்தவரிடம் போனில் கேட்பதுதான் கடைசிப் பரிசோதனை.

ஒக்கி என்ன சொல்லிக்கொடுத்தது?

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் அது ஒக்கி புயலாகிவிட்டது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் அதற்குப் பல நாட்கள் முன்பே கிளம்பியிருந்தார்கள். கரையில் எச்சரிக்கை வந்தபோது அவர்களை எட்ட வழியில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை.

அவர்களுக்குக் கடலில் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. முன்னறிவிப்பு செல்லுபடியாகும் நாட்களைவிட அவர்கள் பயணம் நீளமாக இருந்தது. நடுவில் புதுத் தகவல் போய்ச் சேரவில்லை. பிழைப்புக்காகப் போகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஆசைக்காகப் போகிறவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. அதனால் அவருக்கான விதி எளிது: முன்னறிவிப்பை நம்பக்கூடிய நேரத்துக்குள் பயணம் முடிந்துவிட வேண்டும். ஆறேழு மணி நேரப் பயணம் அதற்குள் அடங்கும். மூன்று நாள் பயணம் அடங்காது.

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் ‘குமரிக் கடல்’, ‘மன்னார் வளைகுடா’ என்ற இரண்டு பெயர்களையும் தேடுங்கள். நம் வழி இரண்டையும் தொடுகிறது. மணிக்கு 45 கி.மீ. என்று அதில் வருவது 24 நாட். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். முதல் பயணத்துக்கு மணிக்கு 15 முதல் 25 கி.மீ. காற்றே போதும். விண்டி ஆப்பில் ஒரே மாடலைப் பார்த்து முடிவெடுக்காமல் இரண்டு, மூன்றை ஒப்பிடுங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அன்றைக்கு வானிலை யாருக்கும் பிடிபடவில்லை என்று அர்த்தம். வீட்டில் இருக்கலாம்.

எங்கே திரும்புவது?

பலரும் எழுதாமல் விடும் பக்கம் இதுதான். படகில் ஏறிய பிறகு, ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்ற எண்ணம் வரும். லீவு போட்டிருக்கிறோம், நண்பர்கள் குளச்சலில் காத்திருக்கிறார்கள், ஸ்டேட்டஸ் போட்டாச்சு. அந்த மனநிலையில் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. கரையில், முந்தின நாள் இரவே எழுதிவைத்துவிட வேண்டும்.

சின்னமுட்டம் – குளச்சல் வழிக்கு அது இப்படி இருக்கலாம்:

• முனையைச் சுற்றும் முன்: காற்றோ அலையோ முன்னறிவிப்பைவிட அதிகம் என்றால் உடனே சின்னமுட்டம் திரும்புவது. அரை மணி நேர வேலைதான்.
• மணக்குடி: காலை 9 மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டாவிட்டால், அல்லது யாராவது ஒருவருக்குக் கடல் ஒவ்வாமை கடுமையாக இருந்தால், திரும்புவது. மணக்குடியில் பழையாற்றின் பொழிமுகம் இருக்கிறது என்று உள்ளே நுழைய முயலக் கூடாது. அலை உடையும் இடம் அது.
• மணக்குடிக்கும் முட்டத்துக்கும் நடுவே: திரும்புவதைவிட முட்டம் பக்கம். முன்கூட்டியே பேசி, தேவைப்பட்டால் உள்ளே வர ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.
• முட்டம், குளச்சல் வாயில்களில் அலை உடைந்தால்: உள்ளே போகாமல் வெளியே, ஆழமான இடத்தில் காத்திருப்பது. அதற்காகத்தான் கூடுதல் தண்ணீர், சாப்பாடு, எரிபொருள். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது பழைய எரிபொருள் விதி.

இன்னொன்று: படகில் உள்ள மூன்று பேரில் யாராவது ஒருவர் ‘திரும்பலாம்’ என்றாலும் திரும்ப வேண்டும். காரணம் கேட்டு விவாதிப்பதைக் கரைக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

ஜிபிஎஸ் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

போன் நனையும், சார்ஜ் தீரும், கரையைவிட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் போகும். தேசிய நீரியல் அலுவலகத்தின் வரைபடம், காந்தத் திசைகாட்டி இரண்டும் கையில் இருக்க வேண்டும். குமரி, திருவனந்தபுரம் கரை மீனவர்களிடம் ‘கணிச்சம்’ என்றொரு முறை உண்டு. கரையில் ஒரு கோயில் கோபுரமும் பின்னால் ஒரு மலையும் ஒரே நேர்கோட்டில் வருவதைப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் அதேபோல வேறொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் படகு நிற்கும் இடம். முட்டம் கலங்கரை விளக்கம், மருந்துவாழ் மலை, 133 அடி திருவள்ளுவர் சிலை என்று இந்தக் கரையில் அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை.

மற்றபடி, கிளம்பும் முதல் நிமிடத்திலிருந்து உயிர்காப்பு மிதவை உடுப்பு. விஎச்எஃப் ரேடியோ, அதில் 16-வது சேனல். அவசரக் கட்டத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், முறையாகப் பதிவு செய்தது. உலகைத் தனியாகச் சுற்றும் போட்டியில் இருந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரம் 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் முறிந்தது. முதுகில் காயம், எழுந்து நிற்க முடியவில்லை. இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டுபிடிக்கவும், பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ செப்டம்பர் 24 அன்று அவரை மீட்கவும் முடிந்தது, அவர் இருக்கும் இடம் வெளியே தெரிந்ததால்தான்.

ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு யூடியூபர்கள் பரிந்துரைக்கும் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஞ்சர்களை இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஆன்லைனில் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

மீன்பிடித் துறைமுகங்கள் மீனவர்களின் வேலையிடம். மீன்வளத் துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், உள்ளூர் படகுச் சங்கங்கள் மூன்றிடமும் முன்கூட்டியே பேசி, தேவையான அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். பின்னாளில் சின்னமுட்டத்திலிருந்து தூத்துக்குடி பக்கம் போக நினைத்தால், கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்கே, விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டுவிட்டது. பெரிய சரக்குக் கப்பல் சட்டென நிற்காது, திரும்பாது. விலகிப் போவது நம் வேலை.

கரையில் ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். படகின் நிறம், ஆட்களின் பெயர், கிளம்பும் நேரம், வழி, சேரும் நேரம் எல்லாம் ஒரே தாளில் அவரிடம் இருக்க வேண்டும். ‘மாலை 3 மணிக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 எண்களுக்குக் கூப்பிடுங்கள்’ என்று நேரம் குறித்துச் சொல்ல வேண்டும். ‘லேட் ஆனா பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனால், எப்போது பதற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

நேராகக் குமரி முனையிலேயே தொடங்கலாமா?

வேண்டாம். ஒரே துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரம் வெளியே போய்த் திரும்புவதைப் பலமுறை செய்யலாம். புதுச்சேரி என்சிசி மாணவர்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இடையே பாய்மரப் படகில் போய்வந்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் அல்ல. வழியில் நின்று நின்று, குழுவாக. அந்த மாதிரிப் பயணத்தில் பயிற்சி எடுப்பதும் நல்ல வழி. காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்குவது, தண்ணீரில் விழுந்தவரைத் திரும்ப ஏற்றுவது, இன்ஜின் இல்லாமல் துறைமுகத்துக்கு வெளியே படகை நிறுத்திவைப்பது ஆகிய மூன்றும் கைப்பழக்கமாக வந்த பிறகு முனையைப் பற்றி யோசிக்கலாம்.

இத்தனைக்கும் காரணம் உண்டு. குமரிக் கடலில் ஒரு படகு தத்தளித்தால், பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்வது பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் வள்ளம்தான். ஒக்கியின்போதும் காணாமல் போனவர்களைத் தேடி மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். உங்கள் வார இறுதிப் பயணத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தால், அதை அடைக்க அன்றைய வலையை விட்டுவிட்டு, தன் உயிரையும் பணயம் வைத்து வருகிறவர் அவர்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. சின்னமுட்டத்தில் படகு தயார். கடைசியாக ஒருமுறை பார்த்தால் காற்று மணிக்கு 35 கி.மீ. என்று மாறியிருக்கிறது. எழுதிவைத்த தாளில் 25 என்று இருக்கிறது. அப்படியென்றால் அன்றைக்குக் கன்னியாகுமரியில் சூரிய உதயத்தைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அடுத்த சனிக்கிழமையும் கடல் அங்கேதான் இருக்கும்.